பொட்டணியில் ஊர்ப் பெயர்

மருதமுனைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பேனாவைக் கையில் எடுத்ததும் ஊரின் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி என்ற பெயர்களை இந்தப் பக்கங்களைப் புரட்டுகிறவர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. அவர்களின் இயற்பெயரைச் சட்டென்று கேட்டால்தான் நம்மில் பலர் திண்டாடுவோம். ஆனால் இந்த ஊர் எழுத்தைவிட அதிகமாக வெளியே அனுப்பியது துணியைத்தான். சாரனும் சாரியுமாக எத்தனையோ தலைமுறை நெய்து அனுப்பியிருக்கிறது. அந்தத் துணிகளில் ஊரின் பெயர் ஒட்டவில்லை. கொழும்பில் கண்ணாடிக் கதவு போட்ட கடையொன்றில், எங்கள் ஒழுங்கையில் நெய்த சாரியை, வேறொரு பெயர்ச்சீட்டுடன், மூன்று மடங்கு விலையில் நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். கரையைப் பார்த்தால் நெய்தவர் யாரென்று எனக்குத் தெரிந்துவிடும். வாங்குகிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோடு சமாந்தரமாக ஓடிவந்து தெற்கே கல்முனைப் பக்கத்தில் முடிகிறது. அந்த முடிவுக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கிற மணல் துண்டில்தான் எங்கள் ஊர். காலையில் தறிச் சத்தம் கேட்காத ஒழுங்கை ஒரு காலத்தில் இங்கே இருந்ததில்லை. இப்போது எண்ணிச் சொல்லலாம்.

என் மூத்தவாப்பா பொட்டணி வியாபாரி. காத்தான்குடியிலும் இந்த வியாபாரம் செய்தவர்கள் நிறையப் பேர். துணிகளைப் பெரிய விரிப்பில் சுற்றி முடிச்சுப் போட்டு, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, கல்லோயாத் திட்டத்தில் 1950களில் உருவான சிங்களக் குடியேற்றக் கிராமங்களுக்குப் போவார். போனால் ஐந்தாறு நாள். விளம்பரம் என்ற சொல்லையே அவர் அறியமாட்டார். ஆனால் பொட்டணியை அவிழ்ப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. மேலே அன்றாடம் உடுக்கிற சாரன்கள். அதற்குக் கீழே கொஞ்சம் நல்லவை. அடியில், அந்த வீட்டில் கலியாண வயதில் பெண்ணிருந்தால், அவளுக்கென்று மனதில் வைத்து எடுத்துப் போன ஒன்று. அதை அவர் தானாகக் காட்டமாட்டார். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து "அது என்ன நானா?" என்று கேட்கும் வரைக்கும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருப்பார். காசு அறுவடைக்குப் பிறகுதான். அதற்கொரு கொப்பி. கொப்பியில் கடன் எழுதியிருப்பதோடு யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்றும் எழுதியிருக்கும்.

அந்தக் கிராமங்களில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. "மருதமுனை நானா" என்றுதான் அழைத்தார்கள். அதாவது அப்போது துணிக்கு ஊர் இருந்தது. அது துணியில் தைக்கப்பட்டிருக்கவில்லை. துணியைக் கொண்டுபோன மனிதனோடு ஒட்டியிருந்தது.

பிறகு நடந்தவற்றை நீட்டவேண்டியதில்லை. 1977இல் பொருளாதாரக் கதவு திறந்தது. இறக்குமதித் தடை இருந்த காலத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த தறிகளுக்கு எதிரில் வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து பாதைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்ட பிறகு, பொட்டணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தனியே போகிற தைரியம் எவருக்கு இருந்தது? துணி லொறியில் ஏறியது. லொறியில் ஏறிய துணிக்கு ஊர் இல்லை. இடையில் நின்ற வியாபாரி கேட்டது நிறமும் முழமும் விலையும் மட்டும்தான். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கரையோர வீடுகளோடு தறிகளையும் கொண்டுபோனது. அதற்குப் பின்னர் எங்கள் ஒழுங்கைக்குத் தறி தந்தவர்கள் இருந்தார்கள், பயிற்சி தந்தவர்கள் இருந்தார்கள். நெய்ததை யாரிடம் விற்பது என்று சொல்லித்தர எவரும் வரவில்லை.

இந்தப் பின்னணியில்தான் என் தங்கையின் மகள் 2017இல் கைபேசியோடு என் வளவுக்கு வந்தாள். வீட்டில் மூன்று தறி. அவளும் அவள் மாமியும் கூலிக்கு நெய்கிற இன்னொரு ராத்தாவும். மாப்பிள்ளை கட்டாரில். முகநூலில் ஒரு பக்கம் திறந்துவிட்டாளாம்.

"மாமா, படத்துக்குக் கீழ ரெண்டு வரி எழுதித் தாங்க. நீங்கதானே எழுத்தாளர்."

நான் மறுக்கவில்லை. எனது முதலாவது கவிதைத் தொகுதி 300 பிரதிகள் அச்சாகி, அதில் 140 இன்னும் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. மருமகளின் சாரிக்கு நான் எழுதிய இரண்டு வரியை முதல் கிழமையிலேயே இரண்டாயிரம் பேர் பார்த்ததாக அந்தக் கைபேசி சொன்னது. இலக்கிய நண்பர்களிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல், தனது நாவலுக்கும் அப்படி எழுதித் தரமுடியுமா என்று கேட்டார்.

அவளிடம் இருந்த காசு மாதம் 3,000 ரூபா. அதற்கு மேல் ஒரு சதமும் விளம்பரத்துக்கு எடுக்கக்கூடாது என்பது அவளுடைய மாமியின் சட்டம். அந்த மூவாயிரத்தை என்ன செய்தோம் என்று சொல்வது இதே வழியில் இறங்கியிருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவலாம்.

முகநூல் காசு வாங்குவது ஒரு ஏலம். பத்திரிகையில் இத்தனை அங்குலத்துக்கு இத்தனை ரூபா என்பது போலன்று. ஒரு பெண் தன் கைபேசியைத் திறக்கும் அந்தக் கணத்தில் அவள் கண்முன் யார் நிற்பது என்று போட்டி நடக்கிறது. ஏப்ரலிலும் டிசம்பரிலும் பெரிய கம்பனிகள் எல்லாம் ஏலத்துக்கு வந்துவிடும். அந்த மாதங்களில் நம்முடைய நூறு ரூபா பத்துப் பேரிடம்கூடப் போய்ச் சேராதது போலிருக்கும். மருமகள் முதல் மாதம் நாடு முழுவதும், ஆணும் பெண்ணும், எல்லா வயதும் என்று விட்டுப் பார்த்தாள். பெருவிரல் தூக்கிக் காட்டியவர்கள் கணக்கில்லை. பெரும்பாலும் வேலையற்ற பொடியன்கள். ஒரு சாரிகூடப் போகவில்லை.

அப்போதுதான் மூத்தவாப்பாவின் கொப்பி என் நினைவுக்கு வந்தது. அவர் எல்லா வீட்டுக்கும் போனவரில்லை. எந்த வீட்டில் எது தேவை என்று தெரிந்து போனவர். கைத்தறிச் சாரியை இந்த நாட்டில் கிழமைக்கு ஐந்து நாளும் உடுக்கிறவர்கள் யார்? பாடசாலை ஆசிரியைகள். சிங்களமோ தமிழோ முஸ்லிமோ, சாரியோடு வகுப்புக்குப் போகிற பெண்கள். அவர்களுக்குச் சம்பளம் வருகிற நாட்களில் ஒரு நாலு நாள் மட்டும், கண்டி, குருநாகல், கொழும்பு என்று மூன்றே மாவட்டத்துக்கு, முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்று குறுக்கினாள். மிச்ச நாட்களில் காசு போடவே இல்லை. அந்த மாதம் ஏழு சாரி போனது. ஏழு என்பது கொழும்புக் கடைக்காரருக்குச் சிரிப்பு. மூன்று தறிக்கு அது நெருக்கடி.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். விளம்பரம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் இன்னும் அதிகம் பேரிடம் போவது எப்படி என்றே பேசுகிறார்கள். கைத்தறிக்காரருக்கு அது பொருந்தாது. ஒரு பாவு ஓட்டினால் அந்த நிறத்தில் சில சாரிகள்தான் வரும். அது முடிந்தால் முடிந்தது. அடுத்த பாவு தயாராகி, நூலுக்குச் சாயம் ஏறி, தறியில் பிணைத்து முடியக் கிழமைகள் போகும். நாற்பது பேர் "இதே நிறம் வேண்டும்" என்று கேட்டால் முப்பத்தைந்து பேருக்கு இல்லை என்று சொல்லவேண்டும். இல்லை என்று இரண்டு முறை கேட்டவள் மூன்றாம் முறை வரமாட்டாள். ஆகவே மருமகள் ஒரு முறையைக் கைக்கொண்டாள். முடிந்த சாரியைப் போடுவதற்கு முன்னரே பாவு ஓட்டுகிற படத்தைப் போடுவாள். "இந்த நிறத்தில் ஆறு சாரி வரும், ஒன்று மாமிக்கு, ஐந்து உங்களுக்கு" என்று நான் எழுதிக் கொடுத்தேன். பாவு தறியில் ஏறுவதற்குள் ஐந்தும் பேசி முடிந்துவிடும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. வட்ஸ்அப்பில் வியாபாரத்துக்கென்று 2018இல் தனிச் செயலி வந்தது, அதுவும் இலவசம். முன்பு வாங்கியவர்களின் பெயரும் நிறமும் அதில் குறித்து வைத்தாள். கொப்பி திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

படம் எடுப்பதில் வேறொரு சிக்கல். சாரியை உடுத்துக் காட்ட யார் நிற்பது? எங்கள் வீட்டுப் பெண்கள் முகம் காட்டி நிற்கமாட்டார்கள். காசு கொடுத்து ஒரு பெண்ணை வைத்து எடுக்க மூவாயிரம் காணாது. மருமகள் கொஞ்ச நாள் கதிரையில் போட்டு எடுத்தாள். பிணத்துக்குப் போர்த்தது போலிருந்தது. வேலியில் போட்டு எடுத்தாள், காயப்போட்டது போலிருந்தது. கடைசியில் நெய்கிற கையை எடுத்தாள். நாடாவைப் பிடித்த ராத்தாவின் கை. நகத்தில் மருதாணி, விரலில் சாயக் கறை. அதைப் பார்த்த குருநாகல் ஆசிரியை ஒருவர், இந்தக் கைக்காரரே நெய்த சாரி எனக்கு வேண்டும் என்று எழுதியிருந்தார். ராத்தாவிடம் வாசித்துக் காட்டினோம். அவர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் எடுத்தால் மெரூன் சிவப்பாகும். மின்குமிழின் கீழ் எடுத்தால் வெள்ளை மஞ்சளாகும். பொருள் கைக்குப் போய்ச் சேர்ந்து நிறம் வேறென்றால் திருப்பி அனுப்புவார்கள். கூரியர் காசு இரண்டு பக்கமும் நமக்கு. காலை எட்டு மணிக்கு முன், நிழலில், வெள்ளைச் சுவருக்கு எதிரே. இதைத்தான் அவள் கண்டுபிடித்தாள். குறை இருந்தால் குறையையும் படம் பிடித்துப் போடுவாள். கரையில் ஒரு நூல் தப்பியிருந்தால் வட்டம் போட்டுக் காட்டி விலையைக் குறைப்பாள். அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோருக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியும். அதைக் கைபேசிப் படத்துக்கும் அவள் பொருத்தினாள். பின்னர் இந்த உண்மையான படங்களையே ஒரு கடை திருடி, இந்தியாவிலிருந்து இறக்கிய அச்சுத் துணிக்குப் போட்டு விற்றது. எழுதிக் கேட்டோம். பதில் வரவில்லை.

இவ்வளவும் வியாபாரம். இனிச் சொல்லப்போவதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

மருமகள் தன் பக்கத்துக்கு வைத்த பெயரில் ஊர் இருந்தது, அவளுடைய பெயரும் இருந்தது. யாரும் பார்த்தவுடன் முஸ்லிம் என்று அறிகிற பெயர். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில், எங்களுக்குப் பக்கத்து நகரம் அது, ஒரு முஸ்லிம் உணவுக்கடையில் கொத்துக்குள் கருத்தடை மாத்திரை போடப்பட்டது என்ற கதை கிளம்பியது. கடை உடைந்தது, பள்ளிவாசல் உடைந்தது. கதையைத் தூக்கிக்கொண்டு நாடு முழுவதும் ஓடியது முகநூல். அது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னார். அதற்குள் மார்ச்சில் திகன எரிந்து முடிந்திருந்தது. 7ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் நிறுத்தியது. எங்கள் வீட்டில் அந்தக் கிழமை ஐந்து சாரிக்கான கட்டளை உள்ளே அகப்பட்டுக் கிடந்தது. சாரி கேட்ட பெண்களும் நம்மைப் பற்றிய பொய்யும் ஒரே வழியாக, ஒரே கைபேசிக்குள் வந்துகொண்டிருந்தார்கள். தனது மேடை அந்த வன்முறையில் பயன்பட்டதற்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நிலைமை வேறு. தேவாலயங்களில் அத்தனை உயிர்கள் போயிருந்தன. செய்தவர்களில் ஒருவன் இந்த வாவிக்கரை ஊரொன்றைச் சேர்ந்தவன். வெட்கமும் பயமும் ஒன்றாக இருந்த நாட்கள். முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்ற பிரசாரம் தெருவுக்குத் தெரு, கைபேசிக்குக் கைபேசி நடந்தது. மே மாதம் குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பக்கம் கடைகள் எரிந்தன. மருமகளின் பக்கத்துக்கு வழமையாக வந்த கேள்விகள் நின்றன. விலை கேட்பாரில்லை. வேறு சிலர் வந்து எழுதியவற்றை இங்கே எழுதமுடியாது. ஒவ்வொன்றாக அழிப்பது அந்த மாதங்களில் சுபஹுக்குப் பிந்திய அவளது வேலையாக இருந்தது.

அப்போது என் மச்சானின் மகன், கொழும்பில் கணக்காளராக இருப்பவன், வந்து ஒரு யோசனை சொன்னான். பெயரை மாற்று. ஊரை எடு, உன் பெயரையும் எடு. லங்கா என்று தொடங்குகிற ஒரு பெயர் வை. துணி அதே துணிதானே?

மாமி உடனே ஒத்துக்கொண்டார். நூலுக்குக் கடன் இருந்தது. மருமகள் பேசாமல் இருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் சொல்லக்கூடியதாக இருந்தது இதுதான்: கொழும்புக் கடை நம் துணியிலிருந்து ஊரை எடுத்தபோது நமக்குக் கோபம் வந்தது. இப்போது நாமே எடுத்தால் அந்தக் கோபத்துக்கு என்ன பொருள்? மச்சானின் மகன் கோபப்படாமல் கேட்டான்: "மாமா, உங்கட எழுத்துக்கு ஊர் இருந்தா நல்லம். பட்டினி கிடக்கிறது நீங்களா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. பொட்டணி வியாபாரி ஊரின் பெயரோடு போனது, அந்தப் பெயர் கேட்டால் கதவு திறந்ததால்தான். கதவை மூடுகிற பெயரைச் சுமந்துகொண்டு போ என்று மூன்று தறிக்காரியிடம் சொல்வது பெரிய விடயம். இந்தியாவில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நம் நாட்டுக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அப்படியொரு பாதுகாப்பைக் கொடுத்தது. அங்கெல்லாம் பெயருக்குப் பின்னால் ஓர் அரசு நிற்கிறது. மருதமுனை என்ற பெயருக்குப் பின்னால் அந்த வருடம் நின்றது மருமகள் ஒருத்திதான்.

அவள் பெயரை மாற்றவில்லை. காரணமும் சொல்லவில்லை. மச்சானின் மகன் தானே இரண்டாவது பக்கம் ஒன்றைத் திறந்தான், ஊரில்லாத பெயரில். சாரன்களை அவன் எடுத்து விற்கட்டும், சாரி தன்னிடம் இருக்கட்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

2022இல் இரண்டும் சேர்ந்து தள்ளாடின. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. முகநூல் டொலரில் அறவிடுகிறது. பழைய மூவாயிரத்துக்குப் பாதி விளம்பரம்தான் கிடைத்தது. வெளியிலிருந்து வருகிற நூலின் விலையும் அதே வழியில் ஏறியது. எரிபொருள் இல்லாமல் கூரியர் வாகனம் நாட்கணக்கில் வரவில்லை. அந்த நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சாரியில்லாமல் பாடசாலைக்குப் போனது நாடெங்கும் விவாதமானது. சாரி வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். மருமகள் அந்தச் செய்தியை இரண்டு முறை வாசித்தாள். "அவங்க சொல்றதும் சரிதானே மாமா" என்றாள். பிறகு தறியில் போய் உட்கார்ந்தாள். விளம்பரத்துக்கான காசை ஏழு மாதம் அடியோடு நிறுத்தினாள். அந்த ஏழு மாதமும் தறிகளைத் தாங்கியது வட்ஸ்அப்பில் இருந்த அறுபது, எழுபது பெயர்கள். பழைய வாடிக்கையாளர்கள். அவர்களில் பாதிக்கு மேல் சிங்களப் பெண்கள். 2019இல் வாய் திறக்காமல் இருந்தவர்களும் அதில் உண்டு. ஏன் போனார்கள், ஏன் வந்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. நிறம் என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

இன்றைக்குக் கணக்குப் பார்த்தால், ஊரில்லாத பக்கத்தில் சாரன் அதிகமாகப் போகிறது. விலை பேசுகிறவர்களும் அங்கேதான் அதிகம். ஊர்ப் பெயருள்ள பக்கத்தில் போவது குறைவு. விலை பேசுவோர் அரிது. எது வென்றது என்று மச்சானின் மகனும் நானும் பெருநாளுக்குப் பெருநாள் வாதாடுகிறோம். மருமகள் அதில் சேர்வதில்லை. கடந்த வருடம் அவள் ஒரு காரியம் செய்தாள். துணிப்பட்டியில் "மருதமுனை" என்று மூன்று மொழியிலும் அச்சடித்துவந்து, சாரிகளின் உள்மூலையில் தைக்கத் தொடங்கினாள். சாரன்களிலும் தைத்தாள். தனது பக்கத்துக்குப் போகிறவற்றில் அது வேண்டாம் என்றான் அவன். சரி என்று பிரித்துக் கொடுத்தாள். சில கட்டுகளில் பிரிக்க மறந்துபோனதாகவும் சொன்னாள். அவன் நம்பவில்லை. இதுவரை யாரும் அதற்காகத் திருப்பி அனுப்பவில்லை.

இரண்டு பக்கத்துக்கும் வரி எழுதிக் கொடுப்பது நான்தான். ஊருள்ள வரிக்கு ஐந்து நிமிடம் போதும். மற்றதற்கு ஒரு பிளேன்டீ ஆறிப்போகிற நேரம் பிடிக்கிறது.